எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகுமுன்

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையை ஒட்டிப் பதினாறு ஏக்கருக்குச் சற்று மிகுதியான பரப்பில் அமைந்திருக்கும் அரசு அருங்காட்சியகம், கல்கத்தாவில் 1814-இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகத்துக்கு அடுத்தபடியாக நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகங்களுள் வைத்து எண்ணப்படுவதாகும். ஆறு கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்களாக விரிந்துள்ள அதனை ஒரு முற்பகலில் முழுவதும் பார்த்து முடித்துவிடலாம் என்ற எண்ணத்துடன் வருவோரே மிகுதி. கூடம் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று கணக்கிட்டாலும், கட்டடம் விட்டுக் கட்டடம் நடக்கும் நேரத்தைச் சேர்க்காமலேயே நான்கு மணி நேரம் நெருங்கிவிடும். ஐந்து நிமிடமோ ஒரு சோழர் காலச் செப்புத் திருமேனியின் விரல்களை மட்டும் பார்ப்பதற்கும் போதாது. எனவே, எவற்றை இம்முறை பார்ப்பது, எவற்றை அடுத்த முறைக்கு விட்டுவைப்பது என்பதை வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்பவருக்கே இந்த இடம் முழுப் பயன் தருகிறது. அம்முடிவை எடுப்பதற்கு, உள்ளே இருக்கும் பொருள்கள் எந்த ஊரிலிருந்து, யாரால், என்ன காரணத்தால் அங்கு வந்து சேர்ந்தன என்பதைப் பற்றி ஓரளவேனும் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் அங்குள்ள ஒவ்வொரு பொருளும் தன் சொந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்து வந்தது, அந்த இடத்தை அறியாமல் பார்ப்பவர் பொருளில் பாதியையே பார்க்கிறார்.

அருங்காட்சியகம் தோன்றியபோது அதில் சிற்பங்களுக்கு முதலிடம் இருக்கவில்லை. சென்னை இலக்கியக் கழகம் தன்னிடம் சேர்ந்திருந்த பாறை, கனிமம், புதைபடிவம் ஆகிய நிலவியல் மாதிரிகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க விரும்பி 1846-இல் முன்வைத்த கோரிக்கையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் ஏற்றுக்கொண்டதன் பயனாக, 1851-இல், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் வளாகத்தில் சுமார் 1,100 மாதிரிகளுடன் அது தொடங்கப்பட்டது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் படை மருத்துவர். பல துறைகளில் ஆர்வம் கொண்டிருந்த அவருடைய காலத்தில் பொருள்கள் விரைந்து பெருகியதால் 1854-இல் அருங்காட்சியகம் இன்றைய எழும்பூர் வளாகத்துக்கு மாறியது. அவ்வளாகமோ 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் விருந்தும் நடனமும் நாடகமும் நிகழ்த்திய 'பாந்தியன்' என்னும் பொதுமன்றமாக விளங்கி, பின்னர் ஆர்மீனிய வணிகர் ஒருவரின் கைக்குப் போய், 1830-இல் அரசால் விலைக்கு வாங்கப்பட்ட இடம். இன்றுள்ள சாலைப் பெயர் அந்த மன்றத்தின் பெயரே.

பால்ஃபர் 1855-இல் இதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளைக் கொண்டு ஒரு காட்சிசாலையையும் தொடங்கினார். அது பின்னர் பீப்பிள்ஸ் பார்க் என்னும் மக்கள் பூங்காவுக்குச் சென்று, 1985-இல் வண்டலூரில் நிலைபெற்றது. முன்னைத் தலைமுறைச் சென்னை மக்கள் விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் வழங்கியதற்குப் பின்னணி இதுதான். பாடம் செய்த பறவைகளும், திமிங்கிலம், யானை ஆகியவற்றின் எலும்புக்கூடுகளும், நடராசரும், கற்கோடரியும் ஒரே வளாகத்துக்குள் ஏன் இருக்கின்றன என்று திகைப்பவருக்கும் இந்த வரலாறே விடை தருகிறது: உலகிலுள்ள அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து வகைப்படுத்திவிட முடியும் என்று நம்பிய ஒரு நூற்றாண்டின் படைப்பு இது. குழந்தைகளுடன் வரும் குடும்பங்கள் விலங்கியல் கூடத்திலேயே நேரம் முழுவதையும் செலவிட்டுவிட்டு, செப்புத் திருமேனிக் கூடத்துக்குள் நுழையும்போது கால் ஓய்ந்துபோகும் நிலை நேர்வதால், வரலாற்றுக்காக வருபவர்கள் அதை முதலில் பார்த்துவிட்டுத் திமிங்கிலத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, இந்த அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதாகும். நாட்டில் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருப்பதால், அதே வழக்கம் இங்கும் இருக்கும் என்று நம்பி வெளியூரிலிருந்து வெள்ளியன்று வந்து சேர்வோர் ஏமாற்றம் அடைய நேரும். குடியரசு நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய தேசிய விடுமுறைகளிலும் அது திறந்திருக்காது. காணும் பொங்கலையும் பள்ளி விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமைகளையும் தவிர்த்து, வார நாளொன்றில் காலையில் திறந்தவுடன் நுழைபவருக்குச் சிற்பங்களின் முன் தடையின்றி நிற்க இடம் கிடைக்கும். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்தும் அதை ஒட்டிய மெட்ரோ நிலையத்திலிருந்தும் நடந்தோ ஆட்டோவிலோ விரைவில் வந்துவிடலாம் என்பதால், தென்மாவட்டங்களிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்குபவர்கள் மாலை வண்டிக்கு முன் பயனுள்ள ஒரு பகலை இங்கே கழிக்க முடியும். பழைய கட்டடங்களில் பராமரிப்புப் பணிகள் அவ்வப்போது நடப்பது இயல்பாதலால், தாம் காண விரும்பும் கூடம் அன்று திறந்திருக்குமா என்பதையும், ஒளிப்படக் கருவிக்கான தனிக் கட்டணத்தையும், முதியோருக்கான சக்கர நாற்காலி வசதியையும் முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுவைத்துக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு, ஒரு வருகைக்கு ஓர் இழை என்பதே தக்க விடை. தமிழ் நிலத்தின் மிகப் பழைய காலத்தை அறிய விரும்புபவர், ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த தொல்பழங்காலக் கருவிகளிலிருந்து தொடங்கலாம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஃபூட், 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சான்றாக அமைந்தது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். ஃபூட் தம் வாழ்நாளில் திரட்டிய பெருந்தொகுதியை 1904-இல் சென்னை அரசு விலைக்கு வாங்கி இந்த அருங்காட்சியகத்தில் சேர்த்தது. கைக்கோடரி என்று தொல்லியலாளர் கூறும் கருவி, குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லின் இரு முகங்களிலும் சில்லுகளைப் பெயர்த்து, ஒரு முனை கூராகவும் மறு முனை உள்ளங்கைக்குள் அடங்கும்படி உருண்டும் இருக்குமாறு செய்யப்பட்டது. காட்சிப் பெட்டியின் முன் நிற்பவர் சில்லு பெயர்ந்த ஒவ்வொரு குழியையும் எண்ணிப் பார்த்தால், எங்கே எந்தக் கோணத்தில் தட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்த ஒரு கை அதில் தெரியும். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் நிகழ்த்திய அகழாய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் நிறுவியது. புறநகர் ரயிலில் நாள்தோறும் பல்லாவரத்தைக் கடந்து செல்லும் எத்தனையோ பேருக்கு, தாங்கள் கடக்கும் இடம் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் பிறப்பிடம் என்பது தெரியாமலே இருப்பது வருந்தத்தக்கது.

இதே இழையின் அடுத்த கட்டம் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள அந்தப் பரம்பில் 1899 முதல் சில ஆண்டுகள் அகழாய்வு செய்த அலெக்ஸாண்டர் ரீ, மண்ணுக்குள் நெருக்கமாகப் புதைக்கப்பட்டிருந்த முதுமக்கள் தாழிகளை, அதாவது இறந்தோரின் எலும்புகளையும் அவர்களுக்குரிய பொருள்களையும் இட்டுப் புதைத்த பெரிய மண்பானைகளை வெளிக்கொணர்ந்தார். அவற்றோடு கிடைத்த இரும்புக் கருவிகளும், வெண்கலக் கலங்களும், நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்களும் எழும்பூருக்கு வந்தன. பொற்பட்டத்தின் இரு முனைகளிலும் நூல் கோத்துக் கட்டுவதற்கான துளைகள் இருப்பதையும், வெண்கலக் கலங்களின் மூடிகள்மேல் விலங்கு, பறவை உருவங்கள் நிற்பதையும் நெருங்கிப் பார்த்தால், இறந்தவரைத் தாழிக்குள் வைத்தவர்களின் அன்பும் வசதியும் ஒருங்கே புலப்படும். அண்மைக் காலத்தில் ஆதிச்சநல்லூரிலேயே அகழாய்வுக் குழிகளின்மேல் கண்ணாடித் தளம் அமைத்துத் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளதால், எழும்பூரில் பொருள்களைக் கண்டவர் அங்கே சென்று அவை கிடந்த நிலையையும் காண முடிகிறது.

இரண்டாவது இழை அமராவதி. இன்றைய ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றங்கரையில் சாதவாகனர் காலத்தில் செழித்த பௌத்தப் பெருந்தூபி, அதாவது புத்தரின் நினைவாக எழுப்பப்பட்டு வழிபடப்பட்ட அரைக்கோள வடிவக் கட்டுமானம், 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் வெறும் மண்மேடாகக் கிடந்தது. 1797-இல் அதைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சென்ற காலின் மெக்கன்சி, பின்னர் மீண்டும் சென்று சிற்பங்களை வரைபடமாக்கினார்; 1845-இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த பலகைகள் சென்னைக்கு வந்து நெடுநாள் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தபின், அவற்றுள் பெரும்பகுதி 1859-இல் லண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. எஞ்சியவற்றுடன், 1870-களிலும் 1880-களிலும் ராபர்ட் சீவெல், ஜேம்ஸ் பர்ஜெஸ் ஆகியோர் வெளிப்படுத்தியவையும் எழும்பூரில் சேர்ந்தன. பளிங்கு என்று நெடுங்காலம் குறிப்பிடப்பட்டாலும் இவை பல்நாடு பகுதியில் கிடைக்கும் வெளிறிய சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மென்மையான அந்தக் கல்லில்தான் இத்தனை நெருக்கமான செதுக்கல் இயன்றது, அதே மென்மையால்தான் வெட்டவெளியில் கிடந்த ஆண்டுகள் அவற்றை இவ்வளவு தேய்த்தன. ஒரு தூபியின் உறுப்புகள் இரு கண்டங்களில் பிரிந்து கிடப்பது பெரும் இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் லண்டன் போக இயலாதவர் வருந்தும் அளவுக்கு எழும்பூரில் இருப்பவை குறைந்தவையும் அல்ல.

அவற்றுள் ஒரு வட்டப் பலகையின் முன் மட்டும் கால்மணி நேரம் நின்றாலும் தகும். புத்தரைக் கொல்லும் நோக்கத்தோடு அவருடைய உறவினனான தேவதத்தன் இராசகிருக நகரின் தெருவில் நளகிரி என்னும் யானைக்கு மதுவூட்டி ஏவிவிட்டதையும், அது புத்தரின் அருளால் அடங்கியதையும் கூறும் கதை அதில் செதுக்கப்பட்டுள்ளது. ஒரே சட்டகத்துக்குள் ஒரே யானை இருமுறை தோன்றுகிறது: ஒருபுறம் வெறிகொண்டு மனிதர்களைத் துதிக்கையால் வாரி எறிந்து மிதிக்கிறது, மறுபுறம் பிக்குகள் சூழ நிற்கும் புத்தரின் காலடியில் பணிந்து கிடக்கிறது. காலத்தால் முன்பின்னான நிகழ்ச்சிகளை ஒரே காட்சிக்குள் அடுத்தடுத்து வைக்கும் இம்முறையைக் கலை வரலாற்றாசிரியர் தொடர் கதைகூறல் என்பர். மாடத்துச் சாளரங்களிலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்களும், அச்சத்தால் அருகில் இருப்பவரைப் பற்றிக்கொள்ளும் பெண்ணும் சேர்ந்து, ஒரு நகரத் தெருவில் யானை அறுத்துக்கொண்டு ஓடும்போது எழும் கூச்சலையே கல்லில் கேட்கச் செய்கின்றன. பாதி உயரத்திலிருந்து வலப்புறமாகப் பார்வையை நகர்த்தினால் கூட்டத்தின் நெருக்கம் சிறிது சிறிதாகக் குறைந்து அமைதி பரவுவதையும் உணரலாம். அந்தச் சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்றாலும், இந்நாட்டின் தலைசிறந்த கதைசொல்லிகளுள் ஒருவர் அவர் என்று தயக்கமின்றிக் கூறலாம். இச்சிற்பங்களை 1942-இல் விரிவாக ஆராய்ந்து இந்த அருங்காட்சியகத்தின் வெளியீடாகவே நூலாக்கிய சி. சிவராமமூர்த்தியின் உழைப்பு, இன்றும் அமராவதியைப் படிப்போருக்கு அடித்தளமாக உள்ளது.

மூன்றாவது இழையான செப்புத் திருமேனிகளுக்காகவே உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர் எழும்பூருக்கு வருகின்றனர். ஒரே ஒரு கூடத்தை மட்டும் பார்க்க நேரம் உள்ளவர் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இத்திருமேனிகளில் பல, கோயில்களிலிருந்து நேரடியாக வந்தவை அல்ல, மண்ணிலிருந்து வந்தவை. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலிக் காபூரின் படையெடுப்பும் பின்னர் நேர்ந்த பிற குழப்பங்களும் சூழ்ந்தபோது, உற்சவ மூர்த்திகளைக் கோயில் வளாகத்திலேயே குழி தோண்டிப் புதைத்துக் காத்த ஊரார், அந்த இடத்தின் இரகசியத்தைத் தம்மோடே கொண்டுபோய்விட்டனர். நூற்றாண்டுகள் கழித்து வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ வயலைத் திருத்தும்போதோ கிடைத்த அவை, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அருங்காட்சியகத்துக்கு வந்தன. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எந்தப் புதையலையும் கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும் என்றும், அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும் என்றும் கூறும் அந்தச் சட்டம், கலை மதிப்பைக் கணக்கில் கொள்ளாதது என்றாலும், எத்தனையோ திருமேனிகள் உருக்கப்படாமலும் கடத்தப்படாமலும் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவை செய்யப்பட்ட முறையை அறிந்துகொண்டு சென்றால் கூடத்தில் பார்வை கூர்மையாகும். தேன்மெழுகுடன் குங்கிலியம் கலந்து முதலில் உருவத்தைச் செய்து, அதன்மேல் ஆற்று வண்டலையும் களிமண்ணையும் படிப்படியாகப் பூசி உலர்த்தி, பின் சூடாக்கும்போது மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி ஆறவிட்டு, மண்கூட்டை உடைத்து உருவத்தை எடுக்கும் இம்முறை மெழுகு வார்ப்பு எனப்படுகிறது. உள்ளீடு இல்லாமல் முழுவதும் உலோகமாகவே வார்ப்பதைக் கன வார்ப்பு என்பர், தமிழ்நாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் இவ்வகையின. கூடு ஒவ்வொரு முறையும் உடைந்துபோவதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இதே முறையைக் கையாள்கின்றனர். கோயிலில் பட்டும் மாலையும் அணிந்து முகமும் கைகளும் மட்டுமே தெரியும்படி வீதியுலா வரும் மூர்த்திகளை மட்டும் கண்டு பழகியவருக்கு, அருங்காட்சியகத்தில் அவற்றின் முழு உடலும் கண்ணில் படுகிறது. பீடத்தின் பக்கங்களில் உள்ள வளையங்களும் துளைகளும், தண்டுகளைச் செருகித் தோளில் சுமந்து செல்வதற்காக அமைந்தவை என்பதைக் கண்டவுடன் அந்த வெண்கலம் நகரத் தொடங்கிவிடுகிறது. விளக்க அட்டை ஊர்ப்பெயரையும் நூற்றாண்டையும் மட்டும் கூறுவதோடு நின்றுவிடுவதால், இந்த வளையங்களைப் பற்றி யாரும் சொல்லாமல் பார்ப்பவரே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

இக்கூடத்தில் தவறவிடக் கூடாதவை சில. திருவாலங்காட்டு நடராசர், சுற்றியிருக்க வேண்டிய திருவாசியையும் விரிசடையையும் இழந்த நிலையிலும், அல்லது ஒருவேளை இழந்ததாலேயே, ஆடலின் ஆற்றல் முழுவதையும் உடலின் வளைவில் மட்டும் தாங்கி நிற்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதின் அதன் ஒளிப்படங்களைக் கண்டு 1913-இல் எழுதிய வியப்புரை 1921-இல் அச்சாகி, ஐரோப்பியர் தென்னிந்தியக் கலையைப் பார்த்த பார்வையையே மாற்றியது. திருவெண்காட்டு அர்த்தநாரியின் வலப்பாதியில் இரண்டு கைகளும் இடப்பாதியில் ஒரே கையும் இருப்பதை முதல் பார்வையில் பலர் கவனிப்பதில்லை. எண்ணிக்கை சமமில்லாத இந்த அமைப்பு கண்ணை உறுத்தாதவாறு இடையின் சாய்வாலும் தோளின் சரிவாலும் ஈடுசெய்யப்பட்டிருக்கும் திறத்தைச் சுற்றிவந்து பார்த்தாலன்றி உணர இயலாது. அதே ஊரில் கிடைத்த புகழ்பெற்ற ரிஷபவாகன மூர்த்தி தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ளது. வடக்குப்பனையூர் இராமர் தொகுதியும், நாகப்பட்டினத்துப் புத்தர் உருவங்களும் இங்கே நேரம் ஒதுக்கிக் காண வேண்டியவை. நாகப்பட்டினத்தில் 1856 முதல் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்துள்ளன. ஸ்ரீவிஜய அரசரான மாறவிஜயோத்துங்கவர்மன் முதலாம் இராசராசன் காலத்தில் அங்கே சூடாமணி விகாரத்தை எழுப்பினார் என்றும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டது என்றும் சோழர் செப்பேடுகள் கூறுவதோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, சிவனடியாரான ஒரு மன்னரின் துறைமுகத்தில் கடல்கடந்த பௌத்தர் எத்தகைய இடம் பெற்றிருந்தனர் என்பது தெளிவாகும். தி. நா. இராமச்சந்திரன் 1954-இல் வெளியிட்ட ஆய்வு இப்படிமங்களைப் பற்றியதே.

தொடக்கூடாது என்ற விதியைக் காவலரின் கெடுபிடியாகக் கருதும் பார்வையாளர், இதே வளாகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தின் வரலாற்றை அறிந்தால் கருத்தை மாற்றிக்கொள்வர். மண்ணுக்குள் கிடந்த செம்பில் ஊறிய குளோரைடு உப்பு, காற்றின் ஈரப்பதத்தோடு சேர்ந்து உலோகத்தை ஓயாமல் அரித்து வெளிர்பச்சைப் பொடியாக உதிர்க்கும். வெண்கல நோய் என்று கூறப்படும் இவ்வரிப்பிலிருந்து திருமேனிகளைக் காக்க, எஸ். பரமசிவன் என்னும் வேதியியலறிஞர் மின்பகுப்பு முறையைக் கையாண்டு பணியாற்றினார். மனிதக் கையின் வியர்வையிலும் அதே உப்புதான் இருக்கிறது. ஒளிப்படம் எடுப்போர் பளிச்சிடும் விளக்கைத் தவிர்க்க வேண்டும் என்பதும், சிறப்பாக ஓவியக் கூடங்களில், இத்தகைய அக்கறையின் பாற்பட்டதே.

மானிடவியல் கூடத்துக்குச் செல்பவர் எட்கர் தர்ஸ்டனைப் பற்றி முன்னரே அறிந்திருப்பது தேவை. 1885 முதல் 1908 வரை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த அவர், கே. ரங்காச்சாரியுடன் இணைந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகளால் அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்த முயன்ற அவருடைய அணுகுமுறை அறிவியல் அடிப்படையற்றது என்று பின்னாளில் தள்ளப்பட்டது. அவர் காலத்தில் சேர்ந்த கருவிகள், அணிகலன்கள், இசைக்கருவிகள் ஆகியவற்றின் மதிப்பு இதனால் குறைவதில்லை; ஆனால் அவற்றைச் செய்து பயன்படுத்திய மக்கள் இன்றும் நீலகிரியிலும் பிற மலைகளிலும் உயிரோடும் உரிமையோடும் வாழ்கின்றனர் என்பதை மறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் மறைந்துபோன உலகம் என்று குழந்தைகளுக்குக் காட்டுவது பெரும் பிழையாகும். தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த படைக்கலத் தொகுதியில் அங்குசங்களின் வேலைப்பாடு மட்டுமே ஒரு தனி ஆய்வுக்குரியது.

பள்ளி மாணவரை அழைத்து வரும் ஆசிரியர்கள், வரிசையாக எல்லாக் கூடங்களிலும் நடத்திச் செல்வதைக் கைவிட்டு, மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருளை முன்கூட்டியே ஒதுக்கி, அதை வரைந்து, அது கிடைத்த ஊரை வரைபடத்தில் குறிக்கச் செய்தால், திரும்பும்போது வகுப்பின் வரைபடம் முழுவதும் ஊர்களால் நிறைந்துவிடும். குறிப்பேடும் பென்சிலும் கைப்பேசியை விடச் சிறந்த துணை. வரைவதற்காக நிற்கும் பத்து நிமிடத்தில் கண் கவனிப்பதை, படமெடுத்துவிட்டு நகரும் ஒரு நொடியில் அது கவனிப்பதில்லை.

கட்டடங்களையும் பார்க்க மறக்கலாகாது. செங்கல்லும் வளைவுகளும் மாடங்களும் கொண்டு, முகலாயக் கட்டடக் கலையின் கூறுகளை ஐரோப்பியத் திட்ட அமைப்போடு இணைத்த இந்தோ-சாரசனிக் பாணியில் ஹென்றி இர்வின் வடிவமைத்து, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி எழுப்பிய கட்டடங்கள் இவ்வளாகத்தின் பெருமை. சத்தியவேட்டிலிருந்து கொண்டுவந்த இளஞ்சிவப்பு மணற்கல்லால் விக்டோரியா நினைவு மண்டபமாகக் கட்டப்பட்டு 1909-இல் திறக்கப்பட்டதும், 1951-இல் அருங்காட்சியகத்தின் நூற்றாண்டு நிறைவின்போது தேசியக் கலைக்கூடமாக ஆனதுமான கட்டடம் அவற்றுள் தலையாயது. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் இதே வளாகத்தை ஒட்டியே இருப்பதால், காலையில் கண்ட திருமேனியைப் பற்றிப் பிற்பகலில் அங்கே அமர்ந்து படிக்கவும் முடியும். இப்படி ஒரு வசதி அமைந்த அருங்காட்சியகங்கள் நாட்டில் அதிகம் இல்லை.

வருகைக்குப் பிந்திய பயணத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நன்று. திருவாலங்காட்டு நடராசரைக் கண்டவர் மறுநாள் சென்னை-அரக்கோணம் புறநகர் ரயிலில் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கி, ஐந்து சபைகளுள் இரத்தின சபை எனப்படும் அவ்வூர்க் கோயிலையும், காரைக்கால் அம்மையாரோடு அந்தத் தலத்துக்குள்ள தொடர்பையும் அறிந்து வரலாம். சென்னைக்கு வர வாய்ப்பில்லாதவர்களுக்கு, 1910-இல் சமஸ்தானக் காலத்தில் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகமும், வேலூர்க் கோட்டைக்குள்ளும் திருச்சி இராணி மங்கம்மாள் மகாலிலும் மற்ற மாவட்டங்களிலும் அருங்காட்சியகங்கள் துறை நடத்தும் கூடங்களும் அருகிலேயே உள்ளன. அந்தந்த வட்டாரத்தில் தோண்டும்போது கிடைத்த நாணயங்களும் சிற்பங்களும் அங்கேயே வைக்கப்பட்டிருப்பதால், சொந்த ஊரின் வரலாற்றை அறிய விரும்புபவர் முதலில் அவற்றையே பார்க்கலாம். தொல்லியல் துறை 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் வேறொரு நிர்வாகத்தின்கீழ் வருவதால் அதன் விடுமுறை நாளைத் தனியே கேட்டறிய வேண்டும். அருங்காட்சியகங்கள் துறையின் மாவட்டக் கூடங்களோ எழும்பூரைப் போலவே வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும்.